செயிண்ட்டுக்கு என்ன எதுகை?

இந்தக் கிறிஸ்மஸுக்கு ஏணியில் கால் வைப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மனசுக்குள்ளேயே எடுத்தேன். எங்கள் வீட்டில் சபதம் எடுக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

எங்கள் தீவில், டுனாபுனா ஊரில் டிசம்பர் பிறந்தால் ஆண்களைப் பார்த்தே அவரவர் வீட்டு நிறத்தைச் சொல்லிவிடலாம். மூக்கில் பச்சை இருந்தால் பச்சை வீடு. காதில் நீலம் இருந்தால் நீல வீடு. சுவருக்குப் புதுப் பெயிண்ட்டும் ஜன்னலுக்குப் புதுத் திரையும் போடாமல் எங்கள் ஊர்ப் பெண்கள் கிறிஸ்மஸை வாசல்படி ஏறவிடமாட்டார்கள். நான் மட்டும் மூன்று வருஷமாக என் சொந்த நிறத்திலேயே இருந்துவந்தேன். முதல் வருஷம் முதுகுவலி. அடுத்த வருஷம் மழை. போன வருஷம் மழையில் முதுகுவலி. இந்த வருஷத்துக்குக் கையிருப்பில் ஒரு சாக்கும் இல்லை.

அப்போதுதான் எக்ஸ்டெம்போ கைகொடுத்தது. நின்ற நிற்பில் பாட்டுக் கட்டி எதிராளியை மடக்கும் போட்டி. எங்கள் ஊர் மன்றத்தில் டிசம்பர்தோறும் நடக்கும். பாடுகிறவனுக்கு ஒரு பட்டப்பெயர் அவசியம். என் பட்டம் லார்ட் டிக்ஷனரி. நானே சூட்டிக்கொண்டது. வீட்டில் டிக்ஷனரி கிடையாது.

"வெர்லின், ஒரு பந்தயம்" என்றேன் மனைவியிடம்.

அவள் செய்தித்தாளில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "என்ன பந்தயம்?"

"இந்தத் தடவை போட்டியில நான் ஜெயிச்சா, ஆயுசுக்கும் நீ என்னைப் பெயிண்ட் அடின்னு சொல்லக் கூடாது."

"தோத்தா?"

"நான் ஏன் தோக்கப்போறேன்?"

"தோத்தான்னு கேட்டேன்."

"வீடு முழுக்க அடிக்கிறேன். உள்ள, வெளிய, மேல, கீழ."

"சரி."

உடனே சரி என்றுவிட்டாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெர்லின் எதற்கும் உடனே சரி சொல்கிற பெண் அல்ல. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோதுகூட ஒரு தடவை இருமி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அன்று முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் ஏதாவது ஒரு சொல் காலில் இடறும். பல் தேய்க்கும்போது 'ரைஸ்' என்று ஒன்று வந்து நிற்கும். வாய் கொப்பளிப்பதற்குள் 'ஐஸ், நைஸ், பிரைஸ்' என்று அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்துவிடும். நான் ஓட்டுவது மேக்ஸி டாக்ஸி, வழிநெடுக ஆள் ஏற்றி இறக்கும் வேன். முன்சீட்டில் இருந்த அம்மாள் ஒருத்தி, "டிரைவர், மார்க்கெட்டுகிட்ட இறக்கு" என்றாள். மார்க்கெட்டுக்கு எதுகை தேடிக்கொண்டே போனேன். பாக்கெட், ராக்கெட், ஜாக்கெட் என்று கிட்டத்தட்ட வந்ததே தவிர, கச்சிதமாக ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் வண்டி மார்க்கெட்டைத் தாண்டி இரண்டு ஊர் போய்விட்டது. அந்த அம்மாள் இறங்கும்போது சொன்ன சொல்லுக்கு நிறைய எதுகை உண்டு. ஒன்றையும் இங்கே எழுத முடியாது.

மாலையில் வீட்டு முற்றத்தில் ஒத்திகை. கேட்பதற்குப் பக்கத்து வீட்டு சோனிலால் வருவான். அவன் மூக்கு அப்போதே பச்சை.

ஒருநாள், மன்றத் தலைவி மிஸ் ஆலிவைப் புகழ்ந்து நான்கு அடி கட்டிப் பாடினேன். ஓர் அடி 'கிரேஷியஸ்' என்று முடிந்தது, அடுத்த அடி 'வொரேஷியஸ்' என்று முடிந்தது. சோனிலால் தொடையைத் தட்டினான்.

"அடேங்கப்பா! எங்க இருந்து பிடிக்கிறீங்க நெய்பர் இந்தச் சொல்லையெல்லாம்!"

சமையலறை ஜன்னலில் வெர்லினின் தலை தெரிந்தது. "கத்பர்ட், வொரேஷியஸ்னா என்ன?"

"பெரிய மனசுன்னு அர்த்தம்."

"பெரிய வயிறுன்னு அர்த்தம். கண்டதையெல்லாம் வாரி வாரித் திங்கிறவங்களச் சொல்றது."

எனக்கு மிஸ் ஆலிவின் உருவம் கண்முன் வந்தது. அவர் கைப்பை, அதன் கனம், அதை அவர் வீசும் வேகம் எல்லாம் வந்தது.

"பொருத்தமாத்தான் இருக்கு" என்றான் சோனிலால் மெதுவாக.

"ஓசை வந்தாப் போதும் வெர்லின். அர்த்தம் பின்னாடியே வரும்" என்றேன்.

"வரும். போலீஸக் கூட்டிக்கிட்டு வரும்." பல்லிடுக்கில் நீளமாகக் காற்றை உறிஞ்சினாள். எங்கள் ஊர்ப் பெண்கள் இப்படி ஒரு தடவை உறிஞ்சினால் ஆண்பிள்ளையின் உயரம் இரண்டங்குலம் குறையும். நான் கல்யாணத்தின்போது ஆறடி.

அந்த வாரமே இன்னொரு சம்பவம். வெர்லின் கிறிஸ்மஸ் கேக்குக்கு ரம்மில் ஊறிய திராட்சையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். அவளே பேச்சுக் கொடுத்தாள், அதுவும் தேன் மாதிரி.

"ஏன் கத்பர்ட், கடைசிச் சுற்றுல எப்படி ஜெயிக்கிறது? ரகசியம் ஏதாவது உண்டா?"

மனைவி நம் வித்தையைப் பற்றி விசாரித்தால் எந்தக் கணவனுக்கும் புத்தி மழுங்கிவிடும். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இருக்கு. கடைசிச் சுற்றுல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒவ்வொரு அடி பாடணும். எல்லா அடியும் ஒரே ஓசையில முடியணும். சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது. அடி முன்னதோட பொருந்தணும், அர்த்தம் இருக்கணும்."

"அர்த்தம் இருக்கணுமா? அப்ப நீ எப்படி...?"

"கேளு. ஒரு ஓசைக்கு ஏழெட்டுச் சொல்தான் இருக்கும். எதிராளிய நாலாபக்கமும் அடைச்சுட்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைக்கணும். அதைச் சொன்னாலும் அவன் காலி, சொல்லாட்டியும் காலி. அப்படி ஒரு சொல்."

"அடேயப்பா" என்றாள் வெர்லின். கரண்டி நின்றுவிட்டது. "உதாரணமா, செயிண்ட்டுக்கு என்னென்ன வரும்?"

நான் விரலை மடக்கினேன். "செயிண்ட்னா புனிதர். ஃபெயிண்ட், மயக்கம். கம்ப்ளெயிண்ட். ரெஸ்ட்ரெயிண்ட், அடக்கம். டெயிண்ட், கறை. குவெயிண்ட்... குவெயிண்ட்..."

"பழசா இருந்தாலும் அழகா இருக்கிறது" என்றாள் அவள்.

"அதேதான். அப்புறம் தெருவில பேசறப்ப இல்லைங்கறதுக்கு எயிண்ட்னு சொல்வோமே, அது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுப் பாரு. எதையும் விட்டுடலியே?"

விட்டிருந்தேன். வேண்டுமென்றேதான் விட்டேன். டிசம்பர் மாதத்தில் அந்தச் சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்க நான் என்ன பைத்தியமா? "ஒண்ணுமே விடலை" என்றேன். வெர்லின் மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். எனக்கு ஒரு கரண்டி திராட்சையும் கொடுத்தாள். லஞ்சம் என்று அப்போது தெரியவில்லை.

போட்டி நாள் வந்தது. மன்றம் நிரம்பி வழிந்தது. மேடையை நடத்தியவர் மிஸ்டர் பாப்தீஸ்ட். கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், பரிசுகளும் அவர் உபயம். மேடை ஓரத்தில் இரண்டு பரிசுகள் துணி போட்டு மூடியிருந்தன. ஒன்றின் வாசனை துணியை மீறி வந்தது. முழுப் பன்றித்தொடை, கிராம்பு குத்தி வேகவைத்தது. முதல் பரிசு வேறு என்னவாக இருக்கும்? நான் மனசுக்குள்ளேயே அதைத் துண்டு போட்டுவிட்டேன்.

எங்கள் எக்ஸ்டெம்போவில் ஒவ்வொரு அடி முடிந்ததும் கூட்டம் "சான்ஸ் உமானித்தே!" என்று கத்தும். பழைய பிரெஞ்சு. இரக்கம் கிடையாது என்று பொருள். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்குப் பொருள் நன்றாகத் தெரியும். நான் திருமணமானவன்.

முதல் மூன்று பேரை ஊதித் தள்ளினேன். ஒருவனுக்குத் தொண்டை கட்டியது. இன்னொருவன் தன் அடியை மறந்தான். மூன்றாமவன் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்த முடியாமலேயே இறங்கிப் போனான்.

"லார்ட் டிக்ஷனரியை எதிர்க்கக் கூட்டத்தில யாராவது இருக்கீங்களா?" என்று பாப்தீஸ்ட் கேட்டார். இது வழக்கமான கேள்வி. வழக்கமாக யாரும் எழுந்திருப்பதில்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு கைப்பை எழுந்தது. கைப்பைக்குப் பின்னால் வெர்லின் எழுந்தாள்.

மேடையேறியவள் கைப்பையை என் காலடியில் வைத்தாள். கிட்டார்காரருக்குத் தலையசைத்தாள். பாடினாள்:

"ஊருக்கெல்லாம் இவரு லார்டு, சேரில் உக்காந்தா செயிண்ட்!"

"சான்ஸ் உமானித்தே!" கூட்டம் கூரையைத் தூக்கியது.

சரி, ஓசை எனக்குப் பழக்கமானதுதான். நெஞ்சை நிமிர்த்தினேன். "செயிண்ட்டு நான் சிரிச்சாலே சீமாட்டிங்க ஃபெயிண்ட்!"

அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஏணி பக்கம் கூப்பிட்டா மட்டும் முதுகுவலின்னு கம்ப்ளெயிண்ட்!"

பெண்கள் பக்கம் பெஞ்சைத் தட்டினார்கள். நான் விடவில்லை. "எம் பொண்டாட்டி நாக்குக்கு வேணும் எட்டு முழம் ரெஸ்ட்ரெயிண்ட்!" இதற்கு ஆண்கள் பக்கம் தட்டினார்கள். ஆனால் மெதுவாக, அவரவர் மனைவி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே.

"மூணு கிறிஸ்மஸ் போயாச்சு, மூலைக்கு மூலை டெயிண்ட்!"

"பழைய சுவரும் அழகுதான், படிச்சவன் சொல்வான் குவெயிண்ட்!"

நானே என்னை மெச்சிக்கொண்டேன். இப்படி ஒரு அபூர்வமான சொல்லைப் பொருள் தெரிந்து பாடியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் அவள் சொல்லிக்கொடுத்த பொருள்.

வெர்லின் ஒரு மூச்சு விட்டாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கையை விரித்துக் கேட்டாள்:

"குவெயிண்ட்டா எங்க வீட்டுச் சுவரு? சொல்லுங்க மக்களே, எயிண்ட்!" பாட்டை நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். "அப்ப, கிறிஸ்மஸ் வருது லார்டே, இப்ப என்ன செய்யப்போறீங்க?"

கிட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலைக்குள் ஓடினேன். செயிண்ட் போயாச்சு. ஃபெயிண்ட், நானே தின்றுவிட்டேன். கம்ப்ளெயிண்ட், ரெஸ்ட்ரெயிண்ட், டெயிண்ட், குவெயிண்ட், எயிண்ட். எல்லா வாசலும் சாத்தியிருந்தது. ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. அதற்குள் ஒரு ஏணி நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு சொற்கள் உண்டுதான். அவை எனக்கு மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தன.

பேசாமல் நின்றால் தோல்வி. தோற்றால் பந்தயப்படி பெயிண்ட். சொன்னால் வெற்றி. ஆனால் சொல்ல வேண்டிய சொல்லே அதுதான். வெர்லின் கைகட்டி நின்று, எனக்கு ஒரு கரண்டி திராட்சை கொடுத்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க நெய்பர்!" என்று கத்தினான் சோனிலால். "நுனி நாக்குல நிக்குது பாருங்க!"

பாழாய்ப்போன பெருமை ஒன்று இருக்கிறதே, அது மைக்கைக் கண்டால் வீட்டை மறந்துவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்:

"நாளைக் காலை ஏணி ஏறி நானே அடிப்பேன் பெயிண்ட்!"

"சான்ஸ் உமானித்தே!"

டுனாபுனாவே எழுந்து நின்றது. தொப்பிகள் பறந்தன. மிஸ் ஆலிவ் என்னை அணைத்ததில் என் விலா எலும்புகள் எதுகை போட்டன. வெர்லின் இரண்டு கையையும் தூக்கி, "எனக்குச் சொல் தீர்ந்துபோச்சு" என்று பணிவாகத் தோல்வியை ஒப்புக்கொண்டாள். நான் ஜெயித்தேன். என்னைத் தோளில் தூக்கினார்கள்.

"இரண்டாம் பரிசு, திருமதி வெர்லினுக்கு!" பாப்தீஸ்ட் துணியை இழுத்தார். பன்றித்தொடை. என் பன்றித்தொடை.

"முதல் பரிசு, லார்ட் டிக்ஷனரிக்கு!" இரண்டாவது துணியை இழுத்தார். பளபளவென்று ஒரு வரிசை பெயிண்ட் டப்பா. மேலே ஒரு பிரஷ், அதற்கு ஒரு சிவப்பு ரிப்பன்.

"மாம்பழ மஞ்சள்" என்றார் பாப்தீஸ்ட் மைக்கில். "திருமதி காலையிலேயே கடைக்கு வந்து நிறத்தைத் தேர்வு பண்ணிட்டுப் போனாங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் டப்பாக்களைச் சுமந்தேன், அவள் பன்றித்தொடையைச் சுமந்தாள். "வெர்லின், நான் ஜெயிச்சுட்டேன். பந்தயம் ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. இனி ஆயுசுக்கும் நான் உன்னைப் பெயிண்ட் அடின்னு சொல்லமாட்டேன். சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல."

இல்லைதான். மேடையில் பாடிய வாக்கை எங்கள் ஊர் மறக்காது. மறுநாள் நான் கண் விழிப்பதற்குள் சோனிலால் தன் ஏணியோடு வாசலில் நின்றான். தெருவில் போகிறவர்கள் எல்லாம் "சான்ஸ் உமானித்தே!" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். மேக்ஸியில் வந்த அந்த மார்க்கெட் அம்மாள்கூட இறங்கி நின்று பார்த்தாள்.

சாயங்காலம் நான் கடைசிச் சுவரின் கடைசி மூலையில், மூக்கும் காதும் மாம்பழ மஞ்சளாக, ஏணி உச்சியில் இருந்தேன். கீழே வெர்லின் வந்தாள். கையில் குறுக்கெழுத்து. கக்கத்தில் ஏதோ புதுத் துணி மடிப்பு.

"கத்பர்ட், ஒரு சின்ன சந்தேகம். கர்ட்டனுக்கு எதுகை என்ன?"

பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது. "சர்ட்டன்!"

"அப்படின்னா நிச்சயம்னு அர்த்தம்" என்றாள் அவள், துணியை என்னை நோக்கி நீட்டியபடி. "அப்ப இறங்கறதுக்கு முன்னாடி இதையும் மாட்டிடு."

மாட்டினேன்.