தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

என் அன்புத் தங்கைச்சி நேசமலருக்கு,

அண்ணன் நாகேந்திரம் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி ஜீவராணியும் சுகம். என் பிரஷர் மட்டும் உயர்ந்த நிலையில் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அங்கே குளிரிலும் குறைவில்லாமல் இருக்கப் பிள்ளையார் துணை.

இனி விஷயம். "அண்ணைக்கு ரிட்டயர் பண்ணின பிறகும் பெரிய கம்பனியிலை வேலை" என்று நீ ரொறன்ரோ முழுக்கச் சொல்லித் திரிவதாக அறிந்தேன். தயவுசெய்து நிறுத்து. நாளைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போகிறேன்.

வேலை என்னவென்றால், வாஷிங் மெஷின் விற்கும் கம்பனிக்குப் போன் எடுத்து யாராவது தமிழுக்கு இரண்டை அழுத்தினால், மறுமுனையில் வருவது நான். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்று எடுத்தார்கள். இரண்டு கிழமை பயிற்சி தருவோம் என்றும் சொன்னார்கள். முதல் நாள் போனால், பயிற்சி கொடுக்கும் பெண் பிரசவ லீவில். சூப்பர்வைசர் ஷெல்டன் கொட்டாஞ்சேனைக்காரர், வயது இருபத்தெட்டு. தடித்த புத்தகம் ஒன்றை என் முன்னால் வைத்தார். "இதுல எல்லாம் இருக்கு அங்கிள். பார்த்து வாசிச்சா சரி."

"தம்பி, மெஷினை ஒருக்கால் காட்ட ஏலாதோ?"

"மெஷின் ஷோரூம்ல அங்கிள். இது ஹொட்லைன்."

அவ்வளவுதான் பயிற்சி. எங்கள் வீட்டிலும் மெஷின் இருக்கிறதுதான். ஆனால் என் வேட்டியையும் ஜீவராணியின் சிவப்புச் சேலையையும் ஒன்றாகப் போட்ட நாளிலிருந்து அவள் என்னை அதற்குக் கிட்ட விடுவதில்லை. சிங்களப் பக்கத்தில் ஆறு பேர். ஒருவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் மற்றவர் பார்ப்பார். தமிழுக்கு நான் ஒருவன். பாத்ரூம் போய்வந்த நான்கு நிமிடத்துக்கும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மாளிகாவத்தை மாடிவீட்டிலிருந்து பஹ்மிதா என்றொரு பெண் எடுத்தார். "சேர், மெஷின் இடையில நிண்டுட்டு. கதவு தொறக்குதில்ல. புள்ளட ஸ்கூல் உடுப்பு உள்ளுக்கு."

நான் புத்தகத்தைப் பார்த்து, "அடிப்பாகத்திலுள்ள மூடியை இடஞ்சுழியாகத் திருகவும்" என்று வாசித்தேன்.

"என்ன சுழி?"

"கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம், தங்கச்சி."

மூடி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, "யா அல்லாஹ்! சேர், தண்ணி வீட்டு ஹோல் முழுக்க வருது!" அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். "மூடியைத் திறப்பதற்கு முன்னர் நீரை வெளியேற்றவும்" என்று அங்கே இருந்தது. சிங்களப் பக்கத்தில் ஆறு பேருக்கும் இது தெரியும். அவர்களுக்கு மெஷினைக் கழற்றியே காட்டியிருக்கிறார்கள்.

அந்த வெள்ளத்துக்காக அன்று பின்னேரமே எனக்கு இறுதி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முதல் எச்சரிக்கை எங்கே, பழக்காமலே எச்சரிப்பதா என்று கேட்டேன். ஷெல்டன் ஒரு படிவத்தைக் காட்டினார். "ட்ரெய்னிங் கிடைச்சிச்சுன்னு நீங்கதான் சைன் பண்ணியிருக்கீங்க அங்கிள்." முதல் நாள் வரவுக்கு என்று நினைத்துக் கையெழுத்து வைத்த தாள்! அரசாங்கத்தின் முற்றுப்புள்ளியையே கேள்வி கேட்டவன் நான்.

அடுத்த நாள் அதே பெண். "அந்த இடஞ்சுழி சேர் இரிக்காரா?"

இனி மறைத்து என்ன? "தங்கச்சி, உண்மையைச் சொல்லுறன். எனக்கு ஒருத்தரும் பழக்கேல்லை. அந்த மெஷினை நான் கண்ணாலையும் காணேல்லை."

ஏசப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். "எங்கட மதினியும் புது வேலைல இப்படித்தான் அழுதுட்டு வந்தா. யோசிக்காதீங்க சேர். நான் மெஷினுக்கு முன்னால நிக்கிறன், நீங்க கொப்பி எடுங்க."

எந்த விளக்கு எதற்கு மினுங்கும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டேன். கடைசியில், "தண்ணியால நஷ்டம் ஒண்டுமில்ல சேர். அந்த ஹோல் கழுவி ஒரு மாசம்" என்றார். அழுகை வந்துவிட்டது, தங்கைச்சி.

ஆனால் அந்த அழைப்பு இருபத்திரண்டு நிமிடம். எங்களுக்கு அனுமதி ஐந்து. ஷெல்டன் அதையும் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அறுபத்தொரு வயதில் இது என்னால் ஏலாது. நாள் முழுக்க இருந்து நாரி நொந்ததால் அண்ணன் வேலையை விட்டுவிட்டான் என்று அங்கே சொல்லிவிடு. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மச்சானின் முழங்கால் சுகப்பட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மானத்தோடு வீடு திரும்பும் அண்ணன்,
நாகேந்திரம்.

பிற்குறிப்பு (வெள்ளி மாலை): ராஜினாமாவோடு மனேஜர் தாரிகா மிஸ்ஸின் அறைக்குப் போனேன். ஷெல்டனின் முறைப்பாட்டால் அந்த இருபத்திரண்டு நிமிடப் பதிவையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அங்கிள், இதிலை பழக்கிறது ஆர், பழகிறது ஆர்?" என்றார். நானும் விடவில்லை. "வாசிக்காமல் கையெழுத்து வைச்சது என்ரை பிழை, மிஸ். பழக்காமல் பழக்கினதா எழுதினது என்ரை பிழை இல்லை." அவர் பக்கத்தில் நின்ற ஷெல்டனைப் பார்த்தார். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் ஒருத்தரும் பழக்கல்ல, மிஸ்" என்றாரே! எனக்கே பாவமாகிவிட்டது.

எச்சரிக்கைக் கடிதத்தை மிஸ் கிழித்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து எனக்கும் ஷெல்டனுக்கும் ஒன்றாக இரண்டு கிழமை பயிற்சி. தமிழுக்கு இன்னொருவரும் வருகிறார். வெளியே வரும்போது, "கையிலை என்ன கடிதம், அங்கிள்?" என்று கேட்டார். "மார்க்கட் சாமான் லிஸ்ட், மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் ரொறன்ரோவில் நீ சொல்வதையே சொல்லிக்கொண்டிரு. மேலே எழுதியதில் விலாசம் மட்டும்தான் இப்போதும் சரி.