பத்துக்குப் பத்து வாங்கிய கெட்ட காப்பி

"படிச்சு என்ன கண்ணு பண்ணப்போற? சுத்திச் சுத்திக் கடைசியா காப்பிக்கொட்டகிட்டத்தான் வந்து நிக்கப்போற."

நான் பிளஸ் டூ தேறியதும் மிட்டாயோடு எஸ்டேட் ஆபீசுக்குப் போனபோது ரைட்டர் மாமா சொன்னது இது. (மிட்டாய் மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டார்.) எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதுகிறவரை ரைட்டர் என்போம். என் அம்மா வருடக்கணக்காகத் தினமும் காலையில் அவர் பேர் கூப்பிட்டதும் "இருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பிப் பழம் பறிக்கப் போனவர்.

அவர் வாக்கு பலித்துவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பலித்த விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிஷன் பள்ளி விடுதியில் கணக்கு, அறிவியல் எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொடுத்தது, எதையும் சத்தம் வராமல் குடிப்பது. உறிஞ்சினால் முட்டி போட வேண்டும். நான் அதில் தேர்ச்சி பெற்றவள். விடுமுறைக்கு மலைமேல் எங்கள் ஊரான கரடியூருக்கு வந்தால் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டே காட்டுவார்: "பாருங்க, எம்புள்ள காப்பி குடிக்கறது பக்கத்துல இருந்தாக்கூடத் தெரியாது." நானும் கண்காட்சிக் குதிரை போல நிமிர்ந்து உட்கார்ந்து குடித்துக் காட்டுவேன்.

இந்தப் பெருமையோடும் தாவரவியல் பட்டத்தோடும், இருபத்திரண்டு வயதில், சேலத்தில் ஒரு காப்பிக் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். காப்பியைச் சுவைத்துத் தரம் பார்க்கும் வேலை. அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அம்மாவோடு நானும் பழம் பறிக்க வருவதாக ரைட்டரிடம் பேசியாகிவிட்டது. காப்பி குடிக்கக்கூடவா எனக்குத் தெரியாது என்ற தெம்பில் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் என்று எதுவும் சாப்பிடவில்லை. வளைவில் ஒரு லாரி நின்றுபோய்ப் பத்து நிமிடம் தாமதம் வேறு.

நான் நுழைந்தபோது தேர்வு நடத்தும் மேடம் விதிமுறைகளைச் சொல்லி முடித்திருந்தார். "உக்காருங்க. மத்தவங்களப் பாத்துச் செய்யுங்க. இனிமே யாரும் பேசக் கூடாது."

எனக்கு முன்னால் பன்னிரண்டு கிண்ணங்களில் கறுப்புக் காப்பி. ஒரு பெரிய கரண்டி. ஒரு உயரமான எவர்சில்வர் டம்ளர். ஒரு மதிப்பெண் தாள். சர்க்கரையைக் காணோம். கை தூக்கினேன்.

"மேடம், சர்க்கரை எங்கீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டே உதட்டில் விரல் வைத்தார்.

சரி என்று மற்றவர்களைப் பார்த்தேன். நான்கு பேர். நால்வரும் காப்பியைக் கரண்டியில் எடுத்து, மலைப் பஸ் பிரேக் பிடிப்பது போல 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சினார்கள். உறிஞ்சியதை அந்த டம்ளரில் துப்பினார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. இப்படி வளர்த்து அனுப்பியிருக்கிறார்களே. அதோடு சமவெளிப் பிள்ளைகள். காப்பி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இவர்களுக்கு வேலை போச்சு என்று முடிவு கட்டினேன்.

நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தேன். சத்தமே வராமல், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், அடியில் கிடந்த தூள் உட்படக் குடித்தேன். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. (வெறும் வயிறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்றும் சரியில்லை. ஒன்றில் எலுமிச்சைப் புளிப்பு. நான்காவதில் பூ வாசம். 'கெட்டிருக்கலாம்' என்று எழுதிப் பத்துக்கு இரண்டு போட்டேன். இந்தக் கம்பெனி எப்படித்தான் நடக்கிறதோ என்று கவலையாகவும் இருந்தது.

ஏழாவது கிண்ணத்தில் வாய் வைத்ததும் நிமிர்ந்தேன். காப்பி. அசல் காப்பி. கண்ணை மூடினால் எங்கள் சமையல்கட்டு. பத்துக்குப் பத்து போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

பதினொன்றில் இதயம் முதல் கியரில் மலை ஏறியது. பன்னிரண்டையும் முடித்துக் கிண்ணங்களை அழகாக அடுக்கிவைத்தபோது அறையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் குடிச்சிட்டீங்களா?" என்றார் மேடம், மெதுவாக.

"வீணாக்கக் கூடாதுங்க மேடம்."

அவர் என் தாளைப் படித்தார். "நாலாம் நம்பருக்கு ரெண்டு மார்க். அதுதான் இங்க இருக்கறதுலயே ஒசத்தி. வெளிநாட்டுக்குப் போறது." எஸ்டேட்டின் பெயரையும் சொன்னார். என் அம்மா பழம் பறிக்கும் எஸ்டேட். "ஏழாம் நம்பருக்குப் பத்துக்குப் பத்து. அது நாங்க வேணும்னே வெச்ச கெட்ட காப்பி. கண்டுபிடிக்கறாங்களான்னு பாக்கறதுக்கு."

நான்கு பேரும் சிரித்தார்கள். உறிஞ்சிய நான்கு பேரும்.

அங்கேயே எழுந்து ஓடியிருப்பேன். ஆனால் உள்ளே பன்னிரண்டு கிண்ணம் இருந்தது. அது பேசியது.

"அது எங்க ஊட்டுக் காப்பிங்க மேடம். கெட்டதுன்னா என்ன கெட்டதுன்னு எனக்குத் தெரியும். மரத்துல பறிச்சதில்லீங்க, கீழ உழுந்த பழம். மண்ணு வாசல்ல காயப்போட்டிருக்காங்க. பாதி காஞ்சப்ப ஒருக்கா மழ நனைச்சிருக்குது. அப்பறம் சாக்குல கட்டி அடுப்புக்கு மேல தொங்கவிட்டிருக்காங்க, நொம்ப நாளு. புகை சில்வர் ஓக் வெறகோடது."

மூச்சு விடாமல் சொன்னேன். மேடம் ஒரு ஃபைலைத் திறந்து, விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். உதிர்ந்த பழம். மண். மழை. அடுப்பு.

"வெறகு என்னன்னு இதுல இல்லயே" என்றார்.

"எழுதிக்குங்க மேடம்" என்றேன். (காப்பிதான் பேசியது என்று சொன்னேனே.)

அவர் உண்மையிலேயே எழுதிக்கொண்டார். "அது கெட்ட காப்பின்னு மத்த நாலு பேரும் கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க மட்டுந்தான் சொன்னீங்க. நாலாம் நம்பர் எது, ஏழாம் நம்பர் எதுன்னு ஒரு மாசத்துல பழகிடும். ஆனா மொதல்ல சத்தமா உறிஞ்சித் துப்பக் கத்துக்குங்க. சுவை பாக்கறது அப்படித்தான்."

அன்று திரும்பும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் என் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னேன். அவர் நடுவில் இறங்கி வேறு பஸ்ஸுக்கு நின்றதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடு வந்து பொழுது சாய்வதற்குள் இருந்த விறகையெல்லாம் பிளந்து, எல்லாக் கம்பளியையும் துவைத்துவிட்டேன். "வேல கெடைச்சுதா சாமி, இல்ல பேய் புடிச்சுதா?" என்றார் அப்பா.

காப்பிக் காட்டிலேயே பிறந்து, தினம் இரண்டு வேளை குடித்து, பட்டமும் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது: நல்ல கொட்டை முழுக்க லாரி ஏறிக் கீழே போய்விட்டது. நாங்கள் குடித்தது, பறித்தது போகக் கீழே உதிர்ந்து மிஞ்சியதை. அம்மாவுக்கும் தெரியாது. முதல் மாதமே நாலாம் நம்பரில் ஒரு பொட்டலம் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். "தண்ணியாட்டம் இருக்குது." இன்னொரு வாய். "இதுவா நான் பறிச்சது?" டம்ளரைக் காலி செய்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்குது சாமி. காப்பியாட்டந்தான் இல்ல" என்றார்.

அப்பா பழைய காப்பியிலேயே நிற்கிறார். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கூரை அதிர உறிஞ்சி, "பத்துக்குப் பத்து" என்று மார்க் போடுகிறார். விருந்தாளி வந்தால் அவர்களும் போட வேண்டும்.

போன மாதம் ரைட்டர் மாமா தன் தோட்டத்துக் காப்பியில் ஒரு பை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு வந்தார். முகர்ந்து பார்த்து, "நனைய உட்டுட்டீங்களே மாமா" என்றேன்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார், கை கட்டியபடி. "காப்பிக்கொட்டகிட்டத்தான் வந்து நிப்பீங்கன்னு." கண்ணு போய் 'ங்க' வந்திருந்தது.

"நிக்கலீங்க மாமா. உக்காந்திருக்கேன்" என்றேன்.

அடுத்து, சுவை பார்ப்பவர்களுக்கான ஒரு வருடப் பட்டயப் படிப்பு. பெங்களூரில். இடம் கிடைத்துவிட்டது, ரயிலுக்கும் பதிவு செய்துவிட்டேன். பாத்திரக் கடையில் துப்புவதற்கென்று சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பெயரும் வெட்டியாகிவிட்டது. "சீர்சாமானத்துக்கு வெட்டற பேர இப்பிடித் துப்பறதுக்கு வெட்டியிருக்கறயே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"செல்வராணி, பி.எஸ்சி."

"அதுக்கப்பறம் ஏன் இத்தன எடம் சும்மா கெடக்குது?"

கடைக்காரரிடம் நான்தான் இடம் விட்டு வெட்டச் சொன்னேன்.