அப்பாவுக்கு மாலை வாங்கித் தந்த செல்லோ

"வெள்ளைக்காரன் பாட்டக் கேட்டு நம்ம பிள்ளைங்க என்ன செய்யப் போவுதுங்க? ரெண்டாவது வாரமே தூங்கிடுங்க லா," என்றார் சாந்தி ஆன்டி. அவருடைய மகள் தர்ஷினி என் வகுப்பில் இருந்ததால் சிரித்துவைத்தேன். மனத்துக்குள் மட்டும், பாவம், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். (எனக்கு என்ன தெரியும் என்பது பிறகு கிள்ளானுக்கே தெரிந்துபோனது.)

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கேரி தீவுத் தோட்டத்தில் வளர்ந்த அப்பாவும் அம்மாவும் ஆரம்பப் பள்ளியைக்கூட முடிக்காதவர்கள். அப்பா லோரி ஓட்டுகிறார். படிக்கும்போது மேற்கத்திய இசை பற்றி ஒரு பாடம் எடுத்து, அதில் ஏ வாங்கினேன். அன்றிலிருந்து இங்கிலாந்து அரண்மனைக்கும் எனக்கும் தூரத்து உறவு இருப்பதுபோல் நடமாடினேன். ஆங்கில டியூஷனுக்கு வந்த சின்னப் பிள்ளைகளை எங்கள் வீட்டு ஹாலில் உட்காரவைத்து, இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய இசையைக் கேட்கப் பழக்கினேன். செல்லோ என்பது வயலினின் குண்டு அக்கா என்று சொன்னால் உடனே புரிந்துகொண்டார்கள்.

வகுப்பு தொடர வேண்டுமா என்று பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால், போர்ட் கிள்ளானில் அப்பா பார்த்துவைத்திருந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எனவே ஒரு சனிக்கிழமை மாலை எல்லாரையும் வீட்டுக்கு அழைத்தேன்.

ஹாலில் இடம் போதாது என்று வாசலில் கூடாரம் போட்டேன். வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. இசைக் கலைஞர்கள் மேடையில் கறுப்பு உடை அணிவார்கள், நாமும் அணியலாம் என்றேன். "கறுப்பெல்லாம் ஆகாது. நல்ல காரியம் நடக்குற எடம்," என்றார் அம்மா. சரி என்று எல்லாரையும் வெள்ளையில் வரச் சொன்னேன்.

அந்த வாரம்தான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்வந்திருந்தார். வெறும் வாயுப்பிடிப்பு. ஆனால், போனது தெருவுக்கே தெரியும். வெறும் வாயு என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். நெடுந்தூரம் லோரி ஓட்டிவந்த களைப்பில் சனிக்கிழமை முழுக்க உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

மதியம் ஒத்திகை. மாலையில் போடவிருந்த இசையில் முதலில் செல்லோ மட்டும், யாரோ அடக்கி அடக்கி அழுவதுபோல் மெல்ல ஆரம்பிக்கும். எப்படிக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகக் கூடாரத்தின் நடுவில் தலையைக் குனிந்து, கண்ணை மூடி நின்றேன். (அதை எங்கே படித்தேனோ தெரியாது.) அந்த நேரம் பார்த்து அப்பாவின் லோரிக் கூட்டாளி மாணிக்கம் அங்கிள் எங்கள் தெரு வழியாகப் போயிருக்கிறார்.

மாலையில் பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள். இசையைப் போட்டேன். கூட்டம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நான் அழைக்காத பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள். லோரிகள் வரிசையாக நின்றன. அடுத்த வீட்டுச் சீன ஆன்டி என் கையைப் பிடித்து ஒரு வெள்ளை உறையைத் திணித்துவிட்டு, தோளைத் தட்டினார். கலைக்குக் கிள்ளானில் இவ்வளவு ஆதரவா என்று நெகிழ்ந்துபோனேன்.

அம்மா தட்டில் கேசரியோடு வந்தார். யாரும் தொடவில்லை. "கல்யாணச் சாவுன்னாலும் கேசரியா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போது மாணிக்கம் அங்கிள், ஆள் உயர மாலையோடு கூடாரத்துக்குள் நுழைந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"போன வாரம்கூட என்கூடத்தாம்மா தேத்தண்ணி குடிச்சான்," என்றவர் அப்படியே உடைந்துபோனார்.

பல்கலைக்கழகத்தில் ஏ வாங்கிய என் மூளைக்கு அப்போதுதான் எல்லாம் எட்டியது. கூடாரம், வெள்ளை உடை, அழுகிற செல்லோ, சீனர்கள் சாவு வீட்டில் பணம் வைத்துத் தரும் வெள்ளை உறை. அதற்குள் தர்ஷினி எழுந்துபோய் அவர் சட்டையை இழுத்தாள்.

"அழாதீங்க அங்கிள். இது செல்லோ, அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க, இப்ப சந்தோஷமான எடம் வரும்."

சொல்லி வாய் மூடவில்லை, எக்காளங்கள் முழங்கின. அந்தச் சத்தத்தில் கதவு திறந்தது. இடுப்பில் கைலியோடு, கொட்டாவி விட்டபடி அப்பா வெளியே வந்தார்.

"எவன்டா அது, என் லோரிய மறிச்சுப் போட்டது?"

பின்வரிசையில் இரண்டு நாற்காலிகள் கவிழ்ந்தன. மாணிக்கம் அங்கிள் கட்டிப்பிடித்த வேகத்தில் மாலை அப்பாவின் கழுத்தில் விழுந்தது. அம்மா அலறியபடி அதைப் பிடுங்கி எறிந்து, அப்பாவைக் குளிக்க அனுப்பி, திரும்பி வந்தவருக்கு மிளகாய் சுற்றிப் போட்டார். கூடாரம் முழுக்க மிளகாய் நெடி. என் எதிர்காலம் போர்ட் கிள்ளானில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சாந்தி ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பிள்ளைங்க தூங்கிடும்னு சொன்னேன். இது செத்தவரையே எழுப்பிடுச்சு லா," என்றார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "அந்த எடம் வரும்னு சரியா தெரிஞ்சு வச்சிருக்காளே. அடுத்த மாசமும் அனுப்புறேன்."

மற்ற பெற்றோரும் அனுப்பினார்கள். வெள்ளை உறையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, சீன ஆன்டி தன் பேரனையும் சேர்த்துவிட்டார். இன்றும் அப்பா கொஞ்சம் அதிக நேரம் தூங்கினால், "செல்லோவப் போடும்மா, எழுந்திடுவாரு," என்கிறார் அம்மா.

கிராணி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிள்ளானிலேயே ஒரு கடைக்கு மேல்மாடியில் வகுப்புக்கு அறை எடுத்தாயிற்று. திறப்பு விழாவுக்குப் பிள்ளைகள் சிவப்புச் சட்டை போடுகிறார்கள். அழைப்பிதழும் போய்விட்டது. அதன் கடைசி வரி மட்டும் அப்பா அடம்பிடித்துச் சேர்த்தது: 'வீட்டில் அனைவரும் நலம். மாலை கொண்டுவர வேண்டாம்.'