கட்டைவிரல் மகரிஷி

மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனால் கூட்டம் கல்யாண வீட்டைத் தோற்கடித்தது. பெருங்களத்தூரிலிருந்து ஒரு வேன், பெரும்பாக்கத்திலிருந்து நாலு ஷேர் ஆட்டோ. ஆளுக்கொரு பிள்ளையைத் தரதரவென்று இழுத்து வந்திருந்தார்கள். "உங்கள் பிள்ளை நாளைய கொலைகாரனா? இன்றே கட்டைவிரல் சொல்லும்!" என்றது பேனர். அதில் சிரித்தவர் மைண்ட் மகரிஷி டாக்டர் அரிகிருஷ்ணன். எந்தக் கல்லூரி டாக்டர் என்று கேட்கக் கூடாது. கேட்டால் உங்களுக்கும் ரேகை சரியில்லை என்று அர்த்தம்.

முறை சுலபம். பத்துக் கேள்விப் படிவம். பொய் சொல்வானா, எதிர்த்துப் பேசுவானா, நாயைக் கல்லால் அடிப்பானா? பெரியவர்கள் 'ஆமாம்', 'இல்லை' என்று டிக் போட வேண்டும். அடியில் பிள்ளையின் கட்டைவிரல் மை. மிஷின் படிவத்தை விழுங்கும், சிவப்பு விளக்கு கண்ணடிக்கும், 'கொடூர ரேகை' எத்தனை சதவீதம் என்று கார்டு வரும். கார்டின் மூலையில் மகரிஷியே தன் கட்டைவிரலை ஊதா மையில் பதிப்பார். அதுதான் முத்திரை. தேறாத பிள்ளைக்கு இருபத்தொரு நாள் 'ரேகை சாந்தி' பூஜை, காசு தனி. நெற்றியில் திருநீறும் கழுத்தில் சிலுவையும் ஒரே வரிசையில் நின்றன. மத நல்லிணக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஜெனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மகன் ஜோஸ்வின் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் தாளாளர் தனசிங் மகரிஷியைப் பள்ளிக்கே வரவழைத்தார். படிவத்தை நிரப்பியவர் கணக்கு டீச்சர். அவர் போர்டில் போட்ட கணக்கு தப்பு என்று ஜோஸ்வின் சொல்லியிருந்தான். கணக்கும் தப்புதான். கார்டு வந்தது: தொண்ணூற்றொன்று. சாந்தி செய்யாவிட்டால் திங்கட்கிழமை டி.சி.

அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே பையன் கேட்டான்: "அம்மா, நான் பெரியவனானா உன்னக் கொன்னுடுவேனா?"

ஜெனி அந்தக் கார்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

திருமுடிவாக்கத்தில் போல்ட் செய்யும் கம்பெனியில் அவளுக்குத் தரச் சோதனை வேலை. ஒரே போல்ட்டை மூன்று தடவை அளந்தால் மூன்று தடவையும் ஒரே அளவு வரவேண்டும். வராவிட்டால் கோளாறு போல்ட்டில் இல்லை, அளக்கிற கருவியில். அவளுக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் முகாம் தொடங்கியதுமே இரண்டு படிவம் கொடுத்தாள். பெயர் இரண்டு, விரல் ஒன்று: அவளுடையது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டதற்கு நான்கு சதவீதம். 'ஆமாம்' போட்டதற்குத் தொண்ணூற்று மூன்று. தனசிங்கிடம் காட்டினாள்.

"நெட்வொர்க் ப்ராப்ளமா இருக்கும்மா," என்றார் அவர். படித்தவர் அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை 'குணசீலன்' என்ற பெயரில் அவளுடைய மூன்றாவது படிவம் போனது. பத்துக்குப் பத்தும் 'ஆமாம்'.

"குணசீலன்! தொண்ணூத்தாறு!" மேடையில் மகரிஷி மைக்கைக் கடித்துவிடுவார் போலிருந்தது. "பிறவிக் கொடியவன்! தேனாப் பேசுவான், கூசாம புளுகுவான், அடுத்தவன் அழுதா இவனுக்கு உறைக்கவே உறைக்காது! யார் பெத்த பிள்ளை இது?"

ஜெனி எழுந்தாள். "உங்கம்மா பெத்த பிள்ளை சார்."

மண்டபம் முழுக்கத் தலைகள் திரும்பின.

"அந்தப் படிவத்துல இருக்கிற ரேகை உங்க முத்திரை. என் பையன் கார்டுலேருந்து வெட்டி, படிவத்துல ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்தேன். எல்லாரும் அவங்கவங்க கார்டோட ஒப்பிட்டுப் பாருங்க."

மகரிஷி தன் ஊதாக் கட்டைவிரலைச் சட்டென்று வேட்டிக்குள் ஒளித்தார். ஷேர் ஆட்டோ ஓட்டும் சேட்டு பின்வரிசையிலிருந்து கத்தினார்: "இன்னா சாமி, உனுக்கு இருபத்தோரு நாள் பத்துமா?"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இழுத்து வரப்பட்ட பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டின.

"மிஷினுக்கு இன்னிக்கு..." என்று மகரிஷி இழுத்தார்.

"நெட்வொர்க் ப்ராப்ளமா சார்?" என்று ஜெனி முன்வரிசையைப் பார்த்தாள். தனசிங் நெளிந்தார். "டி.சி. எல்லாம் வேணாம்மா. பையன் நாளைக்கு ஸ்கூலுக்கு வரட்டும்."

ஒரு தாய் மட்டும் விடவில்லை. "அப்போ என் பொண்ணு நல்லவளா கெட்டவளா, எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?"

"அவகூட உக்காந்து பேசுங்கக்கா. அப்பவும் பயமா இருந்தா மனநல டாக்டர்கிட்ட போங்க. அவங்களும் பல நாள் பேசித்தான் பாப்பாங்க, விரலப் பாக்க மாட்டாங்க."

மகரிஷி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஜோஸ்வின் மிஷினைத் திறந்து பார்த்தான். உள்ளே டிக்கை மட்டும் எண்ணும் ஒரு பழைய ஸ்கேனர்-பிரிண்டரும் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன. பாவம், அந்த மிஷின் தன் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் சரியாகக் கணித்தது. அதன் முன்னால் கட்டைவிரலை நீட்டிய பெருமக்களே, அதே கையால் தலையை ஒரு தடவை சொறிந்து யோசித்திருந்தால், அந்த ஒரு கணிப்புகூடத் தேவைப்பட்டிருக்காது!