உருத்திரமூர்த்தி எழுதிக் கொடுத்த டுபாய்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரெலிபோன் அடித்தால் அது டுபாய்தான். உருத்திரமூர்த்தியின் மனைவி செல்வமலரின் தங்கை தாட்சாயினி அங்கே குடியிருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அதில் உருத்திரமூர்த்திக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கடைசி ஐந்து நிமிடம்தான் அவருக்கு ஆகாது. அப்போது தாட்சாயினியின் புருஷன் ஞானேந்திரன் ரெலிபோனை வாங்கி, "அண்ணை, அங்க இன்னும் பனிதானோ?" என்று கேட்பார். மே மாதத்திலும் கேட்பார்.

ஒரு மனிதன் அகதியாக மொன்றியலுக்கு வந்து, பதினெட்டு வருஷம் தளபாடத் தொழிற்சாலையில் பலகை அறுத்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் மரியாதையாகக் குடித்தனம் நடத்துகிறான். அவனிடம் கேட்க உலகத்தில் வேறு கேள்வியே இல்லையா? இதை உருத்திரமூர்த்தி ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனை வைத்த பிறகு செல்வமலரிடம் கேட்பார். அந்த ஆள் அன்பாகத்தான் விசாரிக்கிறார் என்று அவள் சொல்வாள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மே மாதம் செல்வமலர் டுபாய்க்குப் போக வேண்டும் என்றாள். தங்கையைக் கண்டு பதினாலு வருஷம். கொழும்பு விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிக்கொண்டு நின்ற இருபது வயதுப் பெட்டைதான் அவள் கடைசியாகப் பார்த்த தாட்சாயினி. இனி அந்த ஞானேந்திரனின் வீட்டில் இரண்டு கிழமை, காலையும் மாலையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? டுபாயைப் பாயோடு சேர்த்துச் சுருட்டி மூலையில் வை என்று உருத்திரமூர்த்தி சொல்லிப் பார்த்தார். செல்வமலர் சண்டை போடவில்லை. இரண்டு நாள் கறியில் உப்பு இருக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியை நீட்டியபடி, "தாட்சாவுக்குத் தலை நரைச்சிட்டுதாம்" என்றாள். அது உப்பில்லாத கறியை விட மோசமாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மறுத்தால்தானே வில்லங்கம்? சம்மதித்துவிட்டால்? தொழிற்சாலை வருஷத்தில் ஒரு தரம், யூலைக் கடைசி இரண்டு கிழமைதான் பூட்டும். அவருக்கு லீவு அப்போதுதான். யூலையில் டுபாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். பழி வெயிலுக்குப் போகட்டும்.

அன்று சோற்றில் கை வைக்கும் முன்பே அறிவித்தார். போகிறோம். இரண்டு பேரும். யூலையில். செல்வமலர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு இன்னொரு மீன் துண்டு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்திலிருந்து டுபாய் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் புத்தகம். தொழிற்சாலைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, அகராதியும் கையுமாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை போக நல்ல காலம். ஏப்ரலில் சூடு ஏறத் தொடங்கும். யூலை, ஓகஸ்ட் என்ற இடத்தில் புத்தகமே வேண்டாம் என்று கும்பிட்டது.

செல்வமலர் லீக்ஸ் வெட்டும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் பின்னால் நின்று வாசித்துக் காட்டினார். நாற்பத்தைந்து பாகை வெயில். கடலுக்குள் இறங்கினால் வெந்நீர். கழிமுகத்தில் மரப் படகில் அக்கரைக்குப் போகலாமாம், மிக அழகாம், ஆனால் யூலையில் படகை விட்டு இறங்குவதற்குள் ஆள் அவிந்துவிடும். நகைக் கடைத் தெரு இருக்கிறது, நடக்க முடியாது. பழைய கோட்டை இருக்கிறது, முற்றத்தில் கால் வைக்க முடியாது. பாலைவன மணல்மேட்டில் ஜீப் ஓட்டிக் காட்டுவார்கள், மணலைத் தொட்டால் தோல் கழன்றுவிடும்.

"ஒட்டக ஓட்டம் கூடக் குளிர்காலத்திலதான். ஒட்டகத்துக்கே ஏலாத வெயில், மலர்."

செல்வமலர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் சொல்லுறது நியாயம். யூலையில போகேலாது."

பதினாலு வருஷக் கல்யாணத்தில் இந்த வசனத்தின் முதல் பாதியை அவர் கேட்டதே இல்லை. அவ்வளவு சந்தோஷத்தில், அவள் அடுத்துக் கேட்டதையும் மறுக்காமல் செய்தார். தாட்சா ஏன் வரவில்லை என்று கேட்பாள், விளங்கப்படுத்த வேண்டும், எல்லாவற்றையும் வடிவாகத் தமிழில் எழுதித் தாருங்கள் என்றாள். நான்கு பக்கம் எழுதினார். எந்த மாதம் எப்படி, எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்க்கலாம், படகு எங்கே ஏறுவது, எல்லாம். பார்க்கத் தகுந்தவற்றின் கீழ் சிவப்புக் கோடும் போட்டார், இழப்பு எவ்வளவு பெரியது என்று தெரியட்டுமே என்று.

ஒக்டோபரில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு விமானச் சீட்டு காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. பெப்ரவரி. ஒரு ஆள்.

"இதென்ன?"

"நல்ல காலம் நவம்பர் துவங்கி மார்ச் எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள். உங்களுக்கு லீவு யூலையில. நான் பிள்ளையள் பாக்கிற கார்டெரியில பெப்ரவரியில லீவு தருவினம்."

உருத்திரமூர்த்தி கொதித்தார். பெப்ரவரியில் மழையும் பெய்யலாம் என்று புத்தகத்தில் உண்டு என்றார். அப்படியென்றால் குடை கொண்டு போகிறேன் என்றாள் அவள். தனியாக எப்படி என்றார். ஞானேந்திரன் விமான நிலையத்துக்கு வருவார் என்றாள். எதற்கு வாய் திறந்தாலும் அவருடைய கையெழுத்திலேயே பதில் இருந்தது.

அந்த வருஷம் மொன்றியலில் பனி கொட்டியது போல அதற்கு முந்திய பல வருஷங்களில் கொட்டியதில்லை. செல்வமலர் போன மறுநாள் தொடங்கியது. வெளிப்படிப் பனியை அள்ளி முடித்துக் கீழே பார்த்தால் காரைக் காணோம். காருக்கு மேல் வெள்ளை மேடு. அதைத் தோண்டி எடுக்கும்போது பனி அள்ளும் இயந்திரம் வருகிறது என்று தெருவில் சைரன் ஊதும். காரை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள். எடுத்தால் நிறுத்த இடமில்லை. இந்த நாட்டில் பனி பெய்தால் மனிதன் காரைத் தலையிலா தூக்கி வைத்துக்கொள்வது என்று எதிர்வீட்டு சிவநேசத்திடம் கேட்டார். சிவநேசம் தன் காரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் ரெலிபோன் எடுத்தபோதெல்லாம் அவருடைய பட்டியல் வரிசை தப்பாமல் நடந்துகொண்டிருந்தது. கோட்டை பார்த்தாயிற்று. ஒட்டக ஓட்டம் பார்த்தாயிற்று. நாலாம் நாள், ஒரு பெரிய கடைத் தொகுதிக்குள் செயற்கைப் பனி மலை ஒன்று இருக்கிறதாம், அங்கே எல்லாரும் தடித்த கோட்டு மாட்டிக்கொண்டு போனார்களாம், பனியில் வழுக்காமல் நடப்பது எப்படி என்று அவள்தான் ஞானேந்திரனுக்குக் காட்டிக் கொடுத்தாளாம். உருத்திரமூர்த்தி ஈரச் சப்பாத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பனி பார்க்க டுபாய்க்கா போனாய் என்று கத்த வாயைத் திறந்தார்.

"நேற்றுத் தாட்சாவும் நானும் படகில போனனாங்கள்," என்றாள் அவள். "அக்கரையில இறங்கேல்லை. அப்பிடியே திரும்பி வந்து, பேந்தும் போய், பதினொரு தரம். கதைச்சு முடியேல்லை."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவள் குரல் வேறு யாருடைய குரல் போலவோ, இருபது வயதுக்காரியின் குரல் போல இருந்தது. நல்லாப் பார்த்துக்கொண்டு வா என்று சொல்லி வைத்தார். ஐந்து நிமிடம் மனம் இளகித்தான் இருந்தது. பிறகு சைரன் ஊதியது.

மார்ச் தொடக்கத்தில் அவளைக் கூட்டிவர விமான நிலையம் போனார். வெயிலில் முகம் கறுத்து, ஆள் மினுங்கிக்கொண்டு வந்தாள். காரில் ஏறியதும் சொன்னாள்.

"தாட்சாவும் அவரும் யூலையில இஞ்ச வருகினம். ஐஞ்சு கிழமை. அந்த மாசம் அங்க மனிசர் இருக்கேலாது எண்டு உங்கட பேப்பரை வாசிச்ச பிறகுதான் அவருக்கே விளங்கினதாம்."

அவர்களுக்குக் கனடா விசா யாரும் தரமாட்டார்கள் என்று உருத்திரமூர்த்தி நான்கு மாதம் நம்பியிருந்தார். தந்துவிட்டார்கள்.

யூலையில் தொழிற்சாலை பூட்டிய முதல் நாள், நான்கு பெட்டிகளை ஒவ்வொன்றாக மூன்றாம் மாடிக்குத் தூக்கினார். வெளியே முப்பத்துமூன்று பாகை, காற்று அசையவில்லை. ஞானேந்திரன் வெறுங்கையோடு பின்னால் ஏறி வந்து, உருத்திரமூர்த்தி வழக்கமாக இருக்கும் கதிரையில் சாய்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அண்ணை, என்ன வெக்கை இது, ஏசி ஒண்டும் இல்லையோ?"