ஒற்றைச் சட்டிச் சபதம்

வாழ்க நம் தலைவன்! முழங்கால் தேயத் தேய எண்ணற்ற குளியலறைகளை மட்டம் பிடித்த மாவீரன். சிமெண்டுத் தூள் படிந்த செந்தோள் வள்ளல். தரையில் ஒரு நூல் மேடு கண்டாலும் உண்டது செரியாத உத்தமன். உடன் உழைப்போர் நாவில், தரைமட்டம் காட்டும் கருவியாம் ‘ரசமட்டம்’ என்னும் பட்டப்பெயரால் நாளும் விளிக்கப்படும் டைல்ஸ் வேந்தன் வாழ்க! அவன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஒரே ஒரு சட்டியில், மீனும் காய்கறியும் சேர்த்துச் சமைத்த பெருங்கதையை இங்கே உரைக்கப் புகுகின்றோம். அதற்கு முன்பு, பாதிக் கதையில் தீர்ந்துபோய் எம்மையும் அவனையும் கைவிட்டுவிடாதே என்று எரிவாயு உருளையின் அடிதொட்டு வணங்குகின்றோம். உருளையைக் கொஞ்சம் ஆட்டியும் பார்த்துக்கொண்டோம்.

அவையோரே, பொறுத்தருள்க. வாளெடுத்தவன் கதையை எடுத்துரைக்க ஆயிரம் புலவர் உண்டு. கரண்டி எடுத்தவன் கதைக்கு எம்மை விட்டால் நாதியில்லை. ‘மீன் சமைத்ததற்கா இத்தனை அலட்டல்’ என்று புருவம் நெரிப்போர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அடிபிடித்த சட்டியைத் தேய்த்ததுண்டா என்று மனசாட்சியைக் கேட்டுக்கொள்வாராக. தேய்த்தவர் மேலே படிக்கலாம். தேய்க்காதவரும் படிக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

இனி நாட்டு வளம் கூறுவாம். மூன்றாம் மாடியின் மூலையில், இருவர் ஒருங்கே நின்றால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பியாக வேண்டிய அந்தச் சமையலறை நாட்டில் ஃபிரிட்ஜ் என்னும் பனிமலை ஓயாது உறுமும். குழாய் நதியோ மூடிய பின்னும் சொட்டும். அந்நாட்டுக்குச் சட்டம் ஒன்றே. சமைத்தவர் கழுவ வேண்டியதில்லை. கழுவுபவர் சமைக்க வேண்டியதில்லை. நல்ல சட்டம்தான். ஆனால் நம் தலைவனோ ஒரு முட்டையை வேகவைக்க இறங்கினாலும், தண்ணீருக்கு ஒரு சட்டி, தோலுக்கு ஒரு தட்டு, உப்புக்கு ஒரு கிண்ணம், எதற்கென்று அவனுக்கே தெரியாமல் இன்னும் ஒரு குண்டான் என நாற்படையும் திரட்டிச் செல்லும் இயல்பினன். கடந்த ஞாயிறன்று அவன் சமைத்து முடித்தபோது சிங்க்கில் எழுந்த பாத்திரக் குன்று குழாயின் வாயைத் தொட்டு நின்றது. குழாயைத் திருப்பவே இடமில்லை.

அக்குன்றின் எதிரே வந்து நின்றாள் தலைவி. நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் வீற்றிருந்து, நெரிசல் பெருங்கடலை நாள்தோறும் கிழித்தேகும் திண்தோளாள். குறுக்கே பாயும் இருசக்கர வண்டிகளை ஒலிப்பானின்றி ஒரு பார்வையாலேயே ஓரங்கட்டும் ஒள்விழியாள். பத்துப் பேர் படிக்கட்டில் தொங்கினாலும் பதறாத அவள், அன்று பதறினாள். கண் சிவந்தது, கை இடுப்பில் ஏறியது. விண் அதிர, மண் அதிர, அடுக்கி வைத்த டம்ளர்கள் அதிர, அவள் உரைத்த பேராணையாவது:

“இங்க பாருங்க. இனிமே சமைக்கிறதுன்னா ஒரே ஒரு சட்டி. சாப்பிடுற தட்டை அவங்கவங்க கழுவிக்கிறோம், அது கணக்குல வராது. மத்தபடி ரெண்டாவது பாத்திரம் சிங்க்ல விழுந்துச்சுன்னா அடுப்பு என்னோடது. ஆயுசுக்கும் நீங்க கழுவுங்க.”

இதனால் அவனுக்கு என்ன நட்டம் என்பீர்கள். சொல்கிறோம், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலை முதல் மாலை வரை அவன் ஊரார் வீட்டுத் தரையில் மண்டியிட்டே நகர்கிறவன். அவன் கண்ணில் படுவதெல்லாம் சுவரின் அடிப்பாகமும் வீட்டுக்காரர்களின் செருப்பும்தான். அவன் நிமிர்ந்து நின்று செய்யும் வேலை உலகில் ஒன்றே ஒன்று, அது சமையல். அடுப்பின் முன் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில் முதுகு நேராகும், நெஞ்சு விரியும், பாட்டுகூட வரும். பாத்திரம் கழுவுவதும் நின்றுகொண்டுதானே என்று வாதிடுவோர் அந்த சிங்க்கின் உயரத்தை அறியாதவர். அதற்குக் குனிய வேண்டும்.

ஆகவே ஒப்பந்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. நடுவராக நியமனம் பெற்றான் தலைவியின் தம்பி. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை வெற்றிமாலையென அணிந்தவன். கீழ்த்தளத்துத் தையற்கடையில் கத்தரி ஏந்திக் களம் பல கண்டவன். பசி வந்தால் நீதியையும் இரண்டு அங்குலம் கத்தரித்துவிடக் கூடியவன். “டேய், மாமா பக்கத்துலயே நில்லு. ஒரு கிண்ணம்கூட உன் கண்ணுல தப்பக் கூடாது” என்று செவ்வாய் மாலை அக்கா பணிமனையிலிருந்து போனில் கட்டளையிட, அவனும் கண்கொத்திப் பாம்பாக வந்து வாசல் நிலையில் சாய்ந்தான். சாப்பாடும் அங்கேதான் என்பதால் மறுப்பேதும் சொல்லவில்லை.

போர்முரசு கொட்டியது, அதாவது, அடுப்புமேடையில் அகலச் சட்டி ‘டங்’கென்று வைக்கப்பட்டது. மீன் விற்கும் அம்மாள் சுத்தம் செய்து பையில் கட்டிக் கொடுத்த வெள்ளி மேனி வீரர்கள் ஒருபுறம். செங்கதிர் நிகர் கேரட், பொன்மேனி உருளைக்கிழங்கு, கண்ணீர்ப்படை நடத்தும் வெங்காயம், குடைமிளகாய், தக்காளி எனத் தரைப்படை மறுபுறம். முதல் கண்ணி உடனே விரிக்கப்பட்டது. விரித்தவன் நடுவன்தான்.

“மாமா, மீன்ல மசாலா பெரட்ட ஒரு கிண்ணம் எடுத்துத் தரவா?”

நம் தலைவன் இகழ்ச்சியோடு முறுவலித்தான். மிளகுத்தூளையும் உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் மீன் இருந்த பைக்குள்ளேயே கொட்டி, வாயை முறுக்கிப் பிடித்து, குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். பை பாத்திரமன்று! என்னே மதிநுட்பம்! பையின் மூலையில் ஒரு சிறு துளை இருந்தது. தையற்காரனின் புதுச்சட்டைதான் அதை முதலில் கண்டுபிடித்தது.

அடுத்து எழுந்தது காய் நறுக்கும் பலகை பாத்திரமா அன்றா என்னும் தத்துவப் பெருவிவாதம். சட்டைக் கறையால் சினந்திருந்த நடுவன் தாடையைத் தடவினான், மேலே பார்த்தான், உப்பிட்ட மீனின் மணம் மூக்கை எட்டவே மனம் இளகினான். “பலகையைத் துணியால தொடச்சாலே போதும். கழுவலைன்னா பாத்திரம் இல்ல. கரண்டி சட்டியைச் சேர்ந்தது, சட்டையோட பொத்தான் மாதிரி. மூடி வேறொரு சட்டியோடது, அது மட்டும் கூடாது” என்று தீர்ப்பு வழங்கினான். மேல்முறையீடு கிடையாது.

இனித்தான் அவையோர் மூச்சடக்கிக் கேட்க வேண்டிய கட்டம். பிறர் சமைப்பதென்றால் காய்களை நறுக்கி, சட்டியில் கொட்டி, கிளறிவிடுவர். ரசமட்டப் பெருந்தகையோ கொட்டவில்லை. பதித்தான்! உருளைக்கிழங்கை எல்லாம் ஒரே கனத்தில் சீவி, சட்டியின் நடுமையம் கண்டு, அங்கிருந்து வெளிநோக்கி வரிசை பிடித்தான். விளிம்பு வளைவுக்கு ஏற்ப ஓரத்துண்டுகளை அளந்து வெட்டினான். கேரட்டால் சுற்றிலும் பார்டர் கட்டினான். ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்தி, கத்திப்பிடியால் தட்டி, உள்ளே வெற்றிடம் காட்டும் பொள்ளல் ஓசை வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டான். எண்ணெய் ஒருபக்கமாக ஓடுவது கண்டு துணுக்குற்று, அடுப்பின் பின்னங்காலுக்கு அட்டையை மடித்து அண்டை கொடுத்தான். அந்தத் தளத்தின் மேல் வெங்காயமும் குடைமிளகாயும் தக்காளியும் அடுக்கடுக்காய் எழ, உச்சியில் மீன்துண்டுகள் ஒரே திசை நோக்கிப் பள்ளிகொண்டன. இத்தனைக்கும் ஆன நேரத்தில் வேறொருவர் சமைத்துச் சாப்பிட்டே முடித்திருப்பார்.

தீ மூண்டது. சட்டி சீறியது. நடுவனின் வயிறு அதைவிட உரக்கச் சீறியது. ஆயினும் காலம் கரைந்ததேயன்றிக் கிழங்கு கரையவில்லை. மேலே மீன் பச்சை மாறாது வெறித்தது. அக்கணம் போன் ஒலித்தது. தலைவி தன் கடைசி நடையை முடித்து, பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டுக் கிளம்பியாயிற்று! மதியம் தின்ற இரண்டு பிஸ்கட்டோடு நிற்கிறாள். பசி அவளை ஓட்டி வருகிறது. மூடி வேண்டும், மூடியோ விலக்கப்பட்ட பொருள். ஆவி வீணே விண்ணேகுவதைப் பார்த்தவாறு அவன் கரண்டியும் கையுமாக நின்ற நிலை, கல்லையும் கரைக்கும். கிழங்கைத்தான் கரைக்கவில்லை.

“மாமா, நான் வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீங்க மூடியைப் போடுங்க. சத்தியமா சொல்ல மாட்டேன்.”

அறம் எங்கே, இவன் எங்கே! தலைவன் நெஞ்சம் ஒரு நொடி ஆடியது. மறுநொடி மட்டத்துக்கு வந்தது. கள்ளத்தால் காத்த அடுப்பின் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியுமா? அவன் கண்கள் அடுக்கில் சாய்ந்திருந்த சாப்பாட்டுத் தட்டின் மேல் சென்று நின்றன. தட்டு கணக்கில் வராதென்பது தலைவியே திருவாய் மலர்ந்த விதி! ‘டப்’பென்று தட்டைக் கவிழ்த்தான். அது சட்டிக்குத் தைத்த சட்டைபோல் அச்சாகப் பொருந்தியது. நடுவன் நாடாவை எடுத்து அளந்துகூடப் பார்த்தான்.

தட்டின்கீழ் ஆவி சூழ்ந்தது. மீன் வெண்ணிறம் பூண்டது, தக்காளி குழைந்தது, எலுமிச்சையும் மிளகும் கலந்த நறுமணம் படிக்கட்டு வழியே இறங்கி, இரண்டாம் மாடிக்காரர்களைக் கதவு திறக்க வைத்தது. ஆனால் அந்த மணத்தின் அடியில், திரைக்குப் பின்னால் ஒளிந்த பகைவனைப் போல, இன்னொரு மணமும் இருந்தது. தையற்காரனின் மூக்கு துடித்தது.

“மாமா, அடி பிடிக்கிற மாதிரி இருக்கே. ஒரு தடவை கிளறிடுங்களேன்.”

இதைக் கேட்ட தலைவன், சீண்டப்பட்ட அரவமெனத் தலைநிமிர்ந்து, தன் தொழிலின் மூலமந்திரத்தை முழங்கினான்: “மாப்ளே, பதிச்சதைத் தொடக் கூடாது! செட் ஆகுற வரைக்கும் கைய வெச்சா எல்லாம் பெயர்ந்துடும்!” தரைக்கு இது முற்றிலும் உண்மை. கிழங்கைப் பற்றி அவன் யோசிக்கவில்லை.

தலைவி நுழைந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, கைப்பையை இறக்கவில்லை, நேரே சிங்க்கை நோக்கினாள். வெறுமை! துடைத்து வைத்தாற்போன்ற வெறுமை! சொட்டும் குழாயின் கீழே ஒரு தேக்கரண்டிகூட இல்லை. தம்பி நெஞ்சில் கைவைத்துச் சாட்சி பகர்ந்தான். அவள் நாற்காலியில் விழுந்து, முன்னால் வந்த தட்டிலிருந்து ஒரு விள்ளல் மீனை வாயிலிட்டாள். கண்ணை மூடினாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவள் தோள்கள் இரண்டும் மெல்ல இறங்கின.

“நல்லாருக்குங்க” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அவன் இன்னும் நூறு சட்டியைப் பதித்திருப்பான். நின்றுகொண்டே சாப்பிட்டான், எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. மீன் தீர்ந்தது, காய் தீர்ந்தது, மேல்தளங்கள் யாவும் வீழ்ந்தன. தட்டுகளை அவரவர் கழுவினர். பின்னர் தலைவி, சொன்ன சொல் தவறாத சான்றோள், வளையலை மேலேற்றி, கம்பி நாரைக் கையிலேந்தி, அந்த ஒற்றைச் சட்டியின் மீது போர் தொடுத்தாள்.

அந்தோ! அடித்தளத்துக் கிழங்கு அசையவில்லை. கரி நிறம் பூண்டு, கோடு பிசகாமல், வரிசை குலையாமல், பார்டரோடு அது சட்டியாகவே ஆகிவிட்டிருந்தது. நாரால் தேய்த்தாள், நகரவில்லை. கரண்டியால் நெம்பினாள், கரண்டிதான் வளைந்தது. தம்பி ஒரு கை கொடுத்தான். அவன் வளையவில்லை என்றாலும் நாடா நனைந்தது. நம் தலைவன் பதித்த எதுவும் இன்றுவரை பெயர்ந்ததாக வரலாறு இல்லை.

“என்னங்க, சிமெண்ட் போட்டா ஒட்டுனீங்க?”

ஒப்பந்தப்படி வென்றவன் தலைவன். ஆனால் எதிரே வியர்த்து நிற்பவளின் முகத்தைப் பார்த்தால் வென்றவன் என்று சொல்லிக்கொள்ளும் துணிவு எவனுக்கு வரும்? அடுப்பு கையைவிட்டுப் போயிற்று என்றே எண்ணினான். அவன் முதுகு தானாக வளையத் தொடங்கியது. அப்போது தலைவி கம்பி நாரை வீசியெறிந்து, நெற்றி வியர்வையை முழங்கையால் வழித்து, நாடும் நகரமும் கேட்கப் புதுப் பேராணை பிறப்பித்தாள்:

“இதுக்கு அந்தப் பத்துப் பாத்திரமே தேவலை. நாளைக்கும் நீங்களே சமைங்க. ரெண்டு சட்டி எடுத்துக்கோங்க, மூணுகூட எடுத்துக்கோங்க. நடுவுல ஒரு தடவை கிளறிவிடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

வெற்றி! வெற்றி! முரசங்கள் முழங்குக, சங்கங்கள் ஆர்க்க, திசையானைகள் துதிக்கை தூக்கிப் பிளிறுக, ஒற்றைச் சட்டியில் உலகை வென்று, தோல்வியின் வாயிலிருந்தே அடுப்பரசை மீட்டு, முன்னிலும் நிமிர்ந்து நின்ற ரசமட்டப் பெருந்தகையின் புகழ், எரிவாயு உள்ளளவும், மீன் உள்ளளவும், மண்ணில் மட்டம் உள்ளளவும் ஓங்குக, ஓங்குக, ஓங்குக!

சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு மூன்று பேரும் டிவி பார்க்கப் போனார்கள்.