இல்லாத கல்லும் இருந்த கட்டியும்

பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எனக்கு அது கிடையாது. ஆனாலும் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பெரிதாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். அதில் ஒரு தையல் பிரிந்தது.

இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் பட்டது. ஊசி வைத்து எடுத்துப் பரிசோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இருந்தாலும் வளர்ந்துகொண்டே போனதால் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டு நனையக் கூடாது. இறுக்கமான உள்ளாடையைத் தூங்கும்போதும் கழற்றக் கூடாது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. மஞ்சள், எண்ணெய் எதுவும் காயத்துப் பக்கம் வரக் கூடாது. வீங்கினாலோ, சிவந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே வர வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். (ஆபரேஷன் எங்கே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் டாக்டரம்மா சொல்லித்தரவில்லை.)

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். வகுப்பில் 'மார்பு' என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் சிரித்தால், உடம்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்கிறவள். அப்படிப்பட்டவள் லீவு கேட்டுப் போன் செய்தபோது, "பித்தப்பையில கல்லு" என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது கோயிலில் கேட்டாலும் அதையே சொல்லும்படி என் கணவர் செல்வினிடம் சொல்லிவைத்தேன். மார்பில் கட்டி என்றால் எல்லோருக்கும் ஒரே நோய்தான் ஞாபகம் வரும். அதன் பெயரைச் சொல்லாமல் என் முகத்தையே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத்தான் நான் பயந்தேன்.

நான்காம் நாள் எஸ்தர் அத்தை வந்தார். செல்வினுக்குச் சொந்த அத்தை. தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஜெபம் பண்ணுகிற பொறுப்பு அவருடையது. அவருக்குத் தெரியாமல் சபையில் ஒருவர் தும்ம முடியாது. கூடவே இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள்.

"வயித்துல எத்தன ஓட்டை போட்டாவ?" என்று அத்தை கேட்டார்.

"மூணு," என்றேன். அதே நொடியில் செல்வின், "நாலு," என்றார். பிறகு அவரே, "ஒண்ணு சும்மா, ஒரு பாதுகாப்புக்கு," என்று சமாளித்தார்.

"எந்தப் பக்கம் வலிக்கி?"

வயிற்றின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். (பித்தப்பை வலது பக்கம் இருக்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போடுகிறவள் நான்.) நல்லவேளையாக அத்தைக்கு அந்தப் பாடம் நடத்தியவர்களும் என்னைப் போன்றவர்கள்தான் போலிருக்கிறது.

"சரி, கல்லக் கொண்டாங்க. பாப்போம்."

இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் கல் எடுத்துக்கொண்டவர்கள் அதை ஒரு குப்பியில் போட்டு வைத்திருப்பார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் அதுதான் வரும். செல்வின் என்னைப் பார்த்தார். பிறகு, "உள்ள இருக்கு, எடுத்துட்டு வாரேன்," என்று எழுந்து போனார்.

பின்வாசல் பூந்தொட்டியில், பாபநாசத்துக்குக் குளிக்கப் போனபோது ஆற்றில் பொறுக்கி வந்த கூழாங்கற்கள் கிடந்தன. அதில் ஒன்றை மாத்திரைக் குப்பியில் போட்டு எடுத்து வந்தார். சின்னதாக ஒன்றை எடுத்திருக்கலாம். குப்பியின் வாய்க்குள் நுழையக்கூடியதிலேயே பெரிய கல்லாகப் பார்த்து எடுத்திருந்தார் மனிதர். அதில் கொஞ்சம் பாசி வேறு ஒட்டியிருந்தது.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஏளா, இம்புட்டுப் பெருச வயித்துல வச்சிக்கிட்டா பள்ளிக்கூடம் போயிட்டு வந்த?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அப்போதே கட்டிலோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே, "எங்க பிள்ள வயித்துலருந்த பாறைய எடுத்துப்போட்ட ஆண்டவரே," என்று உருக்கமாக ஜெபம் பண்ணினார். செல்வின் தலையைக் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் அத்தை, "படுத்தே கெடக்காத, கொஞ்சம் உக்காரு. வயித்த முக்கி எந்திரிக்கப்பிடாது. நான் கையப் பிடிச்சுப் பையப் பையத் தூக்குதேன்," என்றார். வயிற்றில் ஆபரேஷன் செய்தவளுக்கு அது சரியான உதவிதான். நான் வாயைத் திறப்பதற்குள் என் இடது கையைப் பிடித்து ஒரே தூக்கு. முப்பது வருஷம் முத்திரை குத்திய கை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வலது கையால் மார்பைப் பொத்திக்கொண்டேன். மஞ்சள் நைட்டியில் சிவப்பாக ஒரு வட்டம் பரவியது.

"ஏலே செல்வின், வயித்துல கல்லு எடுத்தா நெஞ்சுல ஏம்லே ரத்தம் வருது?"

"கல்லு கொஞ்சம் மேல ஏறிட்டு அத்த," என்றார் என் கணவர்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "கல்லுமில்ல ஒண்ணுமில்ல அத்த. மார்புல கட்டி. சாதாரணக் கட்டிதான். சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்று அழுதுவிட்டேன்.

அத்தை ஒரு வார்த்தை ஏசவில்லை. மற்ற இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்து, "கையப் பிடிச்சு யாரு தூக்குனது?" என்று கேட்டார். "நான்தான்," என்றார் அத்தை. நர்ஸ் நன்றாகவே ஏசினார். அத்தையை ஒருவர் ஏசி, அவர் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பிரிந்த தையலை டாக்டரம்மா மறுபடி போட்டுப் புதுக் கட்டு கட்டினார்.

மருந்து வாங்க செல்வின் போயிருந்தார். நானும் அத்தையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவசரத்தில் குப்பியை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை உருட்டிக்கொண்டே, "அந்தக் கட்டி உனக்கு வலிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல அத்த."

குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "எனக்கும் வலிக்கல பிள்ள," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கம் திரும்பினேன். "எப்பத்துலருந்து?"

"கிறிஸ்மசுக்கு முந்தியே. ஊரு முழுக்க நோயக் கேட்டுட்டு அலையுதேன். என் நோயக் கேக்க யாரு வாரா?"

நல்ல கையால் அவர் கையைப் பிடித்து, அப்படியே டாக்டரம்மா அறைக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனை முடிவு வருகிறவரை என் காயம் எனக்கு நினைவிலேயே இல்லை. அத்தைக்கும் ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான் என்று தெரிந்த அன்று, செல்வின் என்னைவிட அதிகமாக அழுதார். (இந்த முறை நிஜமாகவே.)

அத்தைக்கும் ஆபரேஷன் ஆனது. பத்து நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தார். காயத்தில் பூசிவிடுவாரோ என்று மஞ்சள் டப்பாவை நான் ஒளித்து வைத்திருந்தேன். சபைப் பெண்கள் பார்க்க வந்தபோது, அவர்கள் உட்காருவதற்குள், "மார்புல கட்டி. எடுத்தாச்சு. கல்லெல்லாம் கெடையாது. இங்கன யாருக்காவது இருந்தா இப்பமே சொல்லுங்க," என்று ஆரம்பித்தார். அடுத்த வாரம் அவரே இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

குப்பி இப்போது அத்தை வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு 'ஒண்ணுமில்ல' என்றால், "சரி, கல்லக் காட்டு," என்பார்கள். போன வாரம் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்ன?" என்றார் அத்தை. "ஒண்ணுமில்ல," என்றேன். அவர் எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்து, குப்பியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.